சுருட்டு அறைக்கு அடுத்த அறை

ஜூன் 4

கோபித்துக்கொண்டு போனவளுக்கு,

இனிமேல் என் போனை எடுக்க மாட்டாயாம். சொல்ல வேண்டியதை எல்லாம் கடிதமாக எழுத வேண்டுமாம். உன் அக்கா சொன்னாள். நல்ல தண்டனைதான். பள்ளிக்கூடம் முடித்த பிறகு நான் பேனா பிடித்தது பில் போடுவதற்கு மட்டும்தான். கையெழுத்து கோழி கிண்டினது மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்.

சிட்டுவுக்கு எப்படி இருக்கிறது? மூச்சு இழுப்பு குறைந்ததா? ஊர் மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று கிளம்பிவிட்டாய். அவளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது என்பதாவது நினைவிருக்கிறதா?

இப்போது நீ செய்துவிட்டுப் போன காரியத்துக்கு வருகிறேன். நான் சரக்கெடுக்க வெளியூர் போயிருந்தபோது சுருட்டு அறையின் ஏசியை அணைத்துவிட்டாய். நான் வந்து கதவைத் திறந்தால் உள்ளே முப்பது டிகிரி. உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்? சுருட்டு பச்சைப்பிள்ளை மாதிரி. பதினெட்டிலிருந்து இருபது டிகிரிக்குள் குளிர் இருக்க வேண்டும். காற்றில் ஈரப்பதம் அறுபத்தைந்திலிருந்து எழுபதுக்குள் நிற்க வேண்டும். ஈரம் குறைந்தால் மேலிலை காய்ந்து வெடித்துவிடும், பற்றவைத்தால் வைக்கோல் மாதிரி எரியும். ஈரம் கூடினால் பூஞ்சை. சூடு இருபத்தைந்தைத் தாண்டினால் அதைவிட ஆபத்து, இலைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கிற வண்டு முட்டை பொரிக்க ஆரம்பித்துவிடும். பெரிய ஹோட்டல்காரர் பெட்டி பெட்டியாகக் கேட்டிருக்கிற நேரத்தில் இப்படிச் செய்யலாமா?

பின்னறையை இரண்டாகத் தடுத்தது உனக்குப் பிடிக்கவில்லை, தெரியும். கீழே கடையில் இடம் போதவில்லை. நடுவில் ஒரு பலகைச் சுவர் வைத்து, ஒரு பாதி சுருட்டுக்கு, ஒரு பாதி சிட்டுவுக்கு என்று பிரித்தேன். யார் பங்கையும் நான் பிடுங்கவில்லை. அந்தச் சுவர் ஈரமாகிறது என்கிறாய். ஈரத்துணியை அவள் அறையில் உலர்த்தினால் சுவர் பாவம் என்ன செய்யும்? என் பக்கத்தில் ஈரம் காட்டுகிற மீட்டர் மூன்று மாட்டியிருக்கிறேன். மூன்றும் அறுபத்தெட்டு காட்டுகின்றன. தப்பு என் பக்கம் இல்லை.

கோபம் ஆறியதும் கிளம்பி வா. சகலையைக் கேட்டதாகச் சொல். அவர் முன்னால் என்னைப் பற்றிப் பொரிந்து தள்ளிக்கொண்டிருக்காதே, நாளைக்கு நான் அவர் முகத்தில் விழிக்க வேண்டும்.

உன் வீட்டுக்காரன்


ஜூன் 9

மூன்று மீட்டர் வைத்திருப்பவருக்கு,

போனில் ஏன் பேசவில்லை என்றால், போனில் நீங்கள் இருப்பதில்லை. நான் ஒரு வாக்கியம் ஆரம்பிப்பேன். கடைக்கு யாராவது வருவார்கள். "ஒரு நிமிஷம் இரு" என்பீர்கள். அப்புறம் அவருக்கு மேலிலை, உள்ளிலை, ஈரப்பதம் என்று பாடம் நடக்கும், நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். கடிதத்தில் யாரும் குறுக்கே வர முடியாது.

அன்று நடந்ததை உங்களுக்கு வசதியாக எழுதியிருக்கிறீர்கள். மிச்சத்தை நான் எழுதுகிறேன். சிட்டுவுக்கு இழுப்பு வந்து, படுக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் என் தோளில் சாய்ந்தே கிடந்தாள். ஆவி மருந்து வைத்தும் அடங்கவில்லை. அவள் முதுகைத் தடவிக்கொண்டே கட்டிலோரச் சுவரில் கையை ஊன்றினேன். ஜில்லென்று இருந்தது, கை நனைந்துவிட்டது. தண்ணீர் கோடுகோடாக இறங்கிக்கொண்டிருந்தது. "சுவருக்கு வேர்க்குதும்மா, தினமும் வேர்க்கும்" என்று குழந்தை சொல்கிறாள், அவளுக்குத் தெரிந்திருக்கிறது. போய் உங்கள் ஏசியை அணைத்தேன். ஆமாம், நான்தான் அணைத்தேன். கொஞ்ச நேரத்தில் சுவர் ஓய்ந்தது. அவளும் கண்ணயர்ந்தாள்.

காலையில் நீங்கள் வந்தீர்கள். பையைக் கீழே வைத்தீர்கள். மெஷின் சத்தம் கேட்கவில்லை என்றதும் முகம் மாறியது. நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அறைக்கு ஓடினீர்கள். அங்கிருந்து ஒரு கத்தல், "எவ ஏசிய நிறுத்துனது?" வீட்டில் இருக்கிற "எவ" நான் ஒருத்திதான். குழந்தை அலறிக்கொண்டு எழுந்தாள். அவளை எட்டிப் பார்த்தீர்களா? பெட்டி பெட்டியாகத் திறந்து முகர்ந்துகொண்டிருந்தீர்கள். நான் வாசலில் நின்று பார்த்தேன். ஒவ்வொன்றாக எடுத்து, விரலால் மெல்ல அழுத்தி, காதருகே உருட்டிப் பார்த்து... சொல்லவே நாக் கூசுகிறது. பிள்ளைக்கு ஒரு நாள் நெஞ்சில் காது வைத்துக் கேட்டிருக்கிறீர்களா நீங்கள்?

அந்த வாடை இன்னும் எங்களை விடவில்லை. கொண்டுவந்த துணியை எல்லாம் அக்கா வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்தாள், தண்ணீர் மஞ்சளாக வந்தது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "வீட்ல யாரு புகை பிடிக்கிறாங்க?" என்று கேட்டபோது யாரும் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. நம்புகிற மாதிரியா இருக்கிறது? நீங்களும்தான் ஒரு சுருட்டைக்கூட வாயில் வைத்ததில்லை. பிடிக்கிறவனாவது ஊதித் தள்ளிவிட்டுப் போவான். உங்களுக்கு அதைப் பொத்திப் பொத்தி வைத்துப் பார்ப்பதில் என்ன சுகமோ!

இன்னொன்று. ஒரு சுருட்டின் மேல் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தால் லென்ஸை வைத்துக்கொண்டு பார்ப்பீர்கள். "பச்சையா இருந்தா பூஞ்சை, அது பக்கத்துல இருக்கிறதுக்கும் பரவிடும்" என்று எனக்கே சொல்லியிருக்கிறீர்கள். பிள்ளையின் தலையணைக்குப் பின்னால் சுவர் முழங்கை நீளத்துக்குக் கறுத்துக் கிடக்கிறது. காட்டினால், "பெயிண்ட் சரியில்ல" என்றீர்கள். அவள் தலையணையைத் திருப்பிப் பாருங்கள், அடியில் புள்ளி புள்ளியாக இருக்கும். அந்தத் தலையணையில் முகத்தைப் புதைத்துத் தூங்கியிருக்கிறாள்.

துணி உலர்த்தியதால் என்கிறீர்கள். வாதம் வேண்டாம். உங்கள் மூன்று மீட்டரில் ஒன்றைக் கழற்றி, அவள் கட்டிலுக்கு மேலே அந்தச் சுவரில் மாட்டுங்கள். இப்போது அங்கே துணியும் இல்லை, நாங்களும் இல்லை. என்ன காட்டுகிறது என்று எழுதுங்கள்.

சிட்டுவின் அம்மா


ஜூன் 15

சிட்டுவின் அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று மீட்டரைக் கழற்றுகிற நிலைமையில் நான் இல்லை. என்ன நடந்தது என்று கேள்.

ஹோட்டலிலிருந்து ஆள் வந்து ஒரு பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான். அவர்கள் மேனேஜர் ஒரு பெரிய மனிதருக்கு முன்னால் பெட்டியைத் திறந்திருக்கிறார். சுருட்டில் ஊசியால் குத்தினது மாதிரி துளை. எடுத்துத் தட்டினால் மாவாகக் கொட்டியிருக்கிறது, மாவோடு ஒரு புழுவும். அந்தப் பெரிய மனிதர் கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாராம்.

மேலே ஓடிப்போய்ப் பார்த்தேன். நீ ஏசியை நிறுத்தியதன் பலன் என்றுதான் சொல்வேன். நான்கைந்து பெட்டியில் வேலையைக் காட்டிவிட்டது. அரிசியைவிடச் சின்னதாக, வெள்ளையாக, மயிர் முளைத்த புழு. சுருண்டு சுருண்டு படுத்திருக்கிறது. செந்நிறத்தில் வண்டு. பெட்டியைத் தூக்கினால் அடியில் ஓடுகிறது. ஒன்று என் சட்டைக்குள் போய்விட்டது. உடம்பெல்லாம் ஊர்கிற மாதிரி இருந்தது, மூன்று தடவை குளித்தேன். இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருக்கிறேன், இப்படிக் குமட்டியதில்லை. சாப்பாட்டில் சீரகம் கிடந்தாலும் ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் சாப்பிடுகிறேன்.

இதற்கு ஒரே வைத்தியம், உறையவைப்பது. பெட்டி பெட்டியாகப் பாலிதீன் பையில் கட்டி, ஃப்ரீசரில் மூன்று நாள் வைத்தால் முட்டை முதற்கொண்டு செத்துவிடும். அப்புறம் ஒரு நாள் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டுத்தான் வெளியே எடுக்க வேண்டும். திடீரென்று சூட்டுக்குக் கொண்டுவந்தால் மேலிலை பிளந்துவிடும். அவ்வளவு பக்குவம் பார்க்க வேண்டியிருக்கிறது. நம் ஃப்ரீசரில் முறை வைத்து மாற்றிக்கொண்டிருக்கிறேன். இடம் இல்லாததால் சிட்டுவுக்கு நீ வைத்திருந்த ஐஸ் குச்சிகளை எடுத்துவிட்டேன். கோபப்படாதே, கடையில் விற்பதை வாங்கித் தருகிறேன்.

மீட்டரைப் பற்றி. அதை இஷ்டத்துக்குக் கழற்றி மாட்ட முடியாது. இடம் மாற்றினால் மறுபடி சோதிக்க வேண்டும். ஒரு மூடியில் ஈர உப்பு வைத்து, மீட்டரோடு ஒரு டப்பாவில் போட்டு மூடினால் எழுபத்தைந்து காட்ட வேண்டும். காட்டாவிட்டால் திருகித் திருத்த வேண்டும். இப்போது இருக்கிற களேபரத்தில் அதற்கு நேரம் இல்லை. சுவர் எங்கேயும் ஓடிவிடாது.

சிட்டுவுக்கு ஒரு பொம்மை வாங்கி வைத்திருக்கிறேன். சாவி கொடுத்தால் நடக்கும்.

அலைந்து ஓய்ந்துபோன உன் வீட்டுக்காரன்


ஜூன் 20

அலைந்து ஓய்ந்துபோனவருக்கு,

சீரகத்தை ஒதுக்கி வைத்துச் சாப்பிடுகிறீர்கள் என்று படித்ததும் அக்கா சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கள் சட்டைக்குள் ஒரு வண்டு போனதற்கு மூன்று குளியல். உங்கள் பிள்ளை அந்தக் கறுப்புக்குப் பக்கத்தில் ஒரு மழைக்காலம் முழுக்கப் படுத்திருந்தாள். அவள் மூச்சுக்குள் என்னென்ன போயிருக்கும் என்று உங்களுக்கு ஒரு தடவையாவது உடம்பு கூசியதா?

அப்புறம் அந்த ஃப்ரீசர். புழுப் பிடித்ததைக் கொண்டுபோய், பாலும் மாவும் வைக்கிற பெட்டியில் வைத்திருக்கிறீர்கள். பையில் கட்டியிருக்கிறேன் என்று சமாதானம் வேறு! அந்த ஃப்ரிட்ஜில் இனி நான் ஒரு டம்ளர் தண்ணீர்கூட வைத்துக் குடிக்க மாட்டேன். ஐஸ் குச்சி இருக்கட்டும். அதை அவள் தானே பழச்சாறு பிழிந்து, தானே ஊற்றி வைத்தாள், "அப்பா வந்ததும் ஆளுக்கு ஒண்ணு" என்று. அதையாவது தின்றீர்களா, கொட்டினீர்களா?

டாக்டரிடம் இங்கேயும் காட்டினேன். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "இந்தப் பிள்ளைக்கா இழுப்புன்னு சொல்றீங்க?" என்று என்னைத் திருப்பிக் கேட்கிறார். வந்து நாலு நாளில் இருமல் நின்றது. இப்போது மாடிப்படியை ஓடி ஏறுகிறாள். அக்காவின் பிள்ளைகளோடு கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது, அவ்வளவுதான். மருந்து அட்டை அப்படியே கிடக்கிறது. விவரத்தைக் கேட்டுவிட்டு டாக்டர் சொன்னார், "அந்தச் சுவர் காயற வரைக்கும் பிள்ளைய அங்க கூட்டிட்டுப் போகாதீங்க. திரும்பத் திரும்ப இப்படி வந்தா நுரையீரல் தாங்காது."

கேட்டுக்கொள்ளுங்கள். எனக்குப் புடவை வேண்டாம், சமாதானம் வேண்டாம், பொம்மை வேண்டாம். உங்கள் தொழிலையும் விடச் சொல்லவில்லை. அதுதான் சோறு போடுகிறது, எனக்குத் தெரியும். என் பிள்ளை படுக்கிற அறையில் அந்தச் சுவர் காய வேண்டும். சுவர் காய்ந்தால் வருகிறேன். காயாவிட்டால் வர மாட்டேன். இதில் பேரம் கிடையாது.

மீட்டரை மாட்ட நேரமில்லை என்று எழுத உங்களுக்கு எப்படித்தான் கை வந்ததோ.

சிட்டுவின் அம்மா


ஜூன் 28

என் மேல் கோபம் தீராதவளுக்கு,

மீட்டரை மாட்டினேன்.

உப்புச் சோதனை எல்லாம் செய்துதான் மாட்டினேன், அப்புறம் மீட்டர் பொய் சொல்கிறது என்று நானே சொல்லிவிடக் கூடாது அல்லவா? ஜன்னல், கதவு எல்லாம் நீ பூட்டிவிட்டுப் போனது போலவே இருந்தன. ஒரு துணி கிடையாது. முள் மெல்ல மெல்ல ஏறியது. எண்பது. எண்பத்தைந்து. தொண்ணூற்றொன்றில் போய் நின்றது. என் அறையில் எழுபத்திரண்டு ஆனாலே எனக்கு வியர்த்துவிடும்.

கட்டிலை இழுத்துப் பார்த்தேன். எழுதவே கூசுகிறது. பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. ஒன்றைத் தொட்டேன், உடைந்து கறுப்பாக ஒழுகியது. விரலை வைத்து அழுத்தினால் பலகை ஊறின ரொட்டி மாதிரி உள்ளே போகிறது. உள்ளே சாம்பல் நிறத்தில் உரோமம் உரோமமாகப் படர்ந்திருக்கிறது. ஈரச் சாக்கு அழுகினால் ஒரு நாற்றம் வருமே, அது. குளியலறைக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். தலையணையையும் திருப்பிப் பார்த்தேன். நீ சொன்னது சரிதான். மெத்தையோடு சேர்த்து எரித்துவிட்டேன்.

சுவரில் கையை வைத்தேன். குளிர். என் பக்கத்துக் குளிர். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் நான் எடுக்கிற பாடம்தான் இது. சூடான காற்று ஜில்லென்று இருக்கிற ஒன்றின் மேல் பட்டால் அதிலிருக்கிற ஈரம் தண்ணீராகிவிடும். ஐஸ் தண்ணீர் ஊற்றின டம்ளர் வெளியே வேர்ப்பது இதனால்தான். என் ஏசி அந்த மெல்லிய பலகையை டம்ளராக்கிவிட்டது. வெளியிலிருந்து வருகிற சூடான காற்றெல்லாம் சிட்டுவின் அறைக்கு வந்து அதில் படிந்திருக்கிறது. ஒரு சுருட்டுப் பெட்டியை ஏசிக்கு நேரே வைத்தாலே திட்டுவேன் நான். பிள்ளையின் கட்டில் அந்தச் சுவரை ஒட்டிக் கிடந்தது எனக்கு உறைக்கவே இல்லை. என்னைப் பார்த்தால் எனக்கே சீ என்று இருக்கிறது.

அழுகின பலகையை எல்லாம் பிய்த்துப் போட்டுவிட்டேன். மூக்கில் துணி கட்டிக்கொண்டு நானே செய்தேன், ஆள் வைக்கவில்லை. பிளீச்சிங் பவுடர் போட்டுத் தரை, கூரை எல்லாம் தேய்த்தேன். கை தோல் உரிந்துவிட்டது. புதுப் பலகை நாளை வருகிறது. ஆனால் புதுப் பலகை போட்டால் மட்டும் போதாது, அதுவும் வேர்க்கும். வேர்க்காமல் இருக்க ஒரு வழி செய்ய வேண்டும். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சுவர் காயும். நான் காயவைக்கிறேன். ஐஸ் குச்சியை நான் கொட்டவில்லை, எல்லாவற்றையும் நானே தின்றேன். நன்றாக இருந்தது என்று அவளிடம் சொல்.

உன் வீட்டுக்காரன்


ஜூலை 3

என்னங்க,

உங்கள் கடிதத்தை அக்காவுக்குக்கூடக் காட்டவில்லை. மாடியில் துணி காயப்போடப் போனபோது எடுத்துப்போய், திரும்பத் திரும்பப் படித்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் உங்கள் வாயிலிருந்து "நீ சொன்னது சரிதான்" என்று வந்து நான் பார்த்ததில்லை. ஒரு சுவர் அழுக வேண்டியிருந்தது.

கை தோல் உரிந்துவிட்டதா? தேங்காயெண்ணெய் தடவுங்கள். பிளீச்சிங் பவுடரை வெறுங்கையால் யாராவது தொடுவார்களா? அந்த அறையில் இனி ஜன்னலைச் சாத்தாதீர்கள், வெயில் வரட்டும். கட்டிலை ஜன்னல் பக்கமாகத் திருப்பிப் போட்டுவிடுங்கள். சுவருக்கு இளமஞ்சள் அடிக்கலாம் என்று சிட்டு சொல்கிறாள். உங்களுக்குத் தோன்றியதை அடியுங்கள், நீலம் மட்டும் வேண்டாம், பூஞ்சை படர்ந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

ஐஸ் குச்சியை நீங்களே தின்றீர்கள் என்றதும் அவளுக்கு வாயெல்லாம் பல். "எல்லாத்தையுமா? அப்பாவுக்குச் சளி பிடிக்கும்" என்கிறாள். தன் துணியைத் தானே மடித்து அவள் பையில் வைத்துவிட்டாள். தினமும் ஒரு தடவை எடுத்து வெளியே வைத்து, மறுபடி அடுக்குகிறாள். இங்கே பிள்ளைகளிடம் எல்லாம், "எங்க அப்பா எனக்காக ஒரு ரூமையே இடிச்சிட்டாரு" என்று பெருமை.

எப்படிச் செய்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை, உங்களுக்குத் தெரியாததா? இந்த ஈரம், சூடு விஷயத்தில் உங்களை மிஞ்ச ஆள் கிடையாது. அந்த மூளையைக் கொஞ்சம் இந்தப் பக்கமும் திருப்பினீர்களே, அதுவே போதும் எனக்கு. சுவர் காய்ந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுகிறோம்.

உங்கள் மனைவி


ஜூலை 10

என் ராணிக்கு,

சுவர் காய்ந்துவிட்டது!

தொட்டால் ஒரு பொட்டு ஈரம் கிடையாது. கன்னத்தை வைத்துப் பார்த்தேன், நம்பு. இளமஞ்சளும் அடித்தாயிற்று. நான் என்ன செய்தேன் என்று நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

வியாதி எங்கே இருந்தது? சுவருக்கு ஒரு பக்கம் குளிர், ஒரு பக்கம் சூடு. பலகையைத் தடிமனாக்கிப் பார்த்தேன், நடுவில் தெர்மோகோல் வைத்துப் பார்த்தேன். வேர்ப்பது குறைந்ததே தவிர நிற்கவில்லை. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்துவிட்டால்? அந்தப் பக்கமும் ஓர் ஏசி மாட்டினேன். பத்தொன்பது டிகிரியில் வைத்தேன். ஈரம் ஊட்டுகிற மெஷின் ஒன்றும் வைத்தேன். நீ கேட்டபடி அங்கே நிரந்தரமாக ஒரு மீட்டரும் மாட்டிவிட்டேன். அறுபத்தெட்டு! அசையாமல் நிற்கிறது. இரண்டு பக்கமும் பதினெட்டும் பத்தொன்பதுமாக இருந்தால் நடுவில் இருக்கிற சுவர் ஏன் வேர்க்கப் போகிறது?

அவ்வளவு அருமையாக ஓர் அறை தயாரானதும், அதைச் சும்மா பூட்டி வைப்பானேன் என்று தோன்றியது. நேரம் பார், ஹோட்டல்காரர் மறுபடி வந்தார். உறையவைத்துச் சுத்தம் செய்த சரக்கைக் காட்டினேன், ஒரு துளை கிடையாது. இரண்டு அறையையும் சுற்றிப் பார்த்துவிட்டு, வருஷம் முழுவதுக்கும் நம்மிடமே எடுத்துக்கொள்கிறேன் என்று கைகொடுத்துவிட்டுப் போனார். சிட்டுவின் பொம்மை அலமாரி இருக்கிறதே, சுருட்டுப் பெட்டிக்கு அளவெடுத்துச் செய்தது மாதிரி இருக்கிறது. பொம்மைகளை எல்லாம் பத்திரமாக மூட்டை கட்டிப் பரண்மேல் வைத்திருக்கிறேன்.

சிட்டு எங்கே படுப்பாள் என்று கேட்பாய். ஹாலில் அவளுக்குப் பிரமாதமாக ஏற்பாடு செய்துவிட்டேன். பின்பக்கச் சுவரை ஒட்டிக் கட்டிலைப் போட்டு, சுற்றிலும் திரை மாட்டியிருக்கிறேன். புது மெத்தை, புதுத் தலையணை. தெருக் காற்று நேரே வரும். அவளுக்கு அது கூடாரம் மாதிரி இருக்கும், குதிப்பாள். அறைக்கதவை மட்டும் அவள் திறந்து திறந்து மூடக் கூடாது, ஈரப்பதம் ஆடிப்போகும். அதை நீதான் அவளுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டும்.

நீ வைத்தது ஒரே நிபந்தனை. நிறைவேற்றிவிட்டேன். எந்த பஸ் என்று எழுது, ஸ்டாண்டில் வந்து நிற்கிறேன்.

உன் வீட்டுக்காரன்


ஜூலை 14

சுருட்டு அறைக்காரருக்கு,

உங்கள் கடிதத்தின் முதல் வரியைத் தபால்காரர் நிற்கும்போதே படித்துவிட்டேன். "சுவர் காஞ்சிடுச்சாம்" என்று உள்ளே பார்த்துக் கத்தினேன். சிட்டு பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு செருப்பையும் போட்டுக்கொண்டாள். மிச்சத்தை நான் நின்றபடியே படித்தேன். அவள் வாசலில் நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. அருவருப்பாக இருக்கிறது. தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஏதோ நெளிகிறதைப் பார்த்துவிட்டால், அப்புறம் அந்தத் தட்டைக் கழுவி வைத்தாலும் தொடத் தோன்றாது இல்லையா? அப்படி ஆகிவிட்டது எனக்கு. நீங்கள் கெட்டவர் என்றால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கை தோல் உரியத் தேய்த்திருக்கிறீர்கள், வாந்தி எடுத்திருக்கிறீர்கள், எல்லாம் செய்துவிட்டு, பிள்ளை படுக்கிற அறையில் சுருட்டைப் படுக்கவைத்துவிட்டு, நிபந்தனையை நிறைவேற்றிவிட்டேன் என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்கள். இதில் உங்களுக்கு ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

உங்கள் சுவர்க் கணக்கும் தப்பு. இரண்டு அறையும் குளிர் என்றால், சூடு இப்போது எங்கே இருக்கிறது? ஹாலில். குளிர்ந்துபோகப் போகிற சுவர் இனி ஹாலின் பின்பக்கச் சுவர். அதை ஒட்டித்தான் கட்டிலைப் போட்டிருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கையை வைத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் ஒரு மீட்டரை மாட்டிப் பாருங்கள், எனக்கு எழுத வேண்டாம்.

நாங்கள் வரவில்லை. அக்கா வீட்டுக்கு எதிரே மாடியில் ஓர் அறை காலியாக இருக்கிறது, கேட்டிருக்கிறேன். நாலு பக்கமும் வெயில் படும். பள்ளிக்கூடத்திலும் இடம் கிடைத்துவிட்டது. எனக்கு அத்தான் ஒரு வேலை பார்த்துச் சொல்லியிருக்கிறார். பிள்ளையைப் பார்க்க நீங்கள் வரலாம், நான் தடுக்க மாட்டேன். குளித்துவிட்டு, துவைத்த துணி போட்டுக்கொண்டு வாருங்கள்.

அவளிடம் எப்படியோ சொல்லிவிட்டேன், "அப்பா வீட்ல இப்ப நமக்கு இடம் இல்லடா, பெட்டியெல்லாம் வெச்சிருக்காரு" என்று. அவள் அழவில்லை. செருப்பைக் கழற்றாமல் பையை மட்டும் இறக்கி வைத்தாள். அப்புறம், "நான் கொஞ்சம் இடத்துலதானம்மா படுப்பேன்? அப்பாவுக்குத் தெரியாதா?" என்று கேட்டாள்.

இதற்குப் பதிலை நீங்கள் எழுதுங்கள், எனக்கு இல்லை, அவளுக்கு. எழுத்தைப் பெரிதாக எழுதுங்கள், அவள் இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள்.

சிட்டுவின் அம்மா